மணிக்கம்பி முதல் மின்தனிமைப்படுத்தி வரை: தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுச் சுற்றுகளில் ‘உள்ளார்ந்த பாதுகாப்பு’ உருவான வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

எரிவளி கசியக்கூடிய தொழிற்சாலைகளில் அளவிகளையும் கட்டுப்பாட்டுக் கருவிகளையும் இணைக்கும் கம்பிகள் குறித்து இன்று விரிவான விதிகள் உள்ளன. கம்பியமைப்பு, புவியிணைப்பு, மின்தனிமைப்படுத்தல் ஆகிய மூன்றையும் அவ்விதிகள் ஒருங்கே நெறிப்படுத்துகின்றன. இவற்றின் அடிப்படையாக அமைவது ‘உள்ளார்ந்த பாதுகாப்பு’ என்னும் கருத்தாக்கம். இக்கருத்தாக்கம் 1913இல் தென்வேல்சின் செங்கெனித் நிலக்கரிச் சுரங்கத்தில் நேர்ந்த பேரழிவை ஒட்டி எழுந்த ஆய்வுகளிலிருந்து எவ்வாறு வளர்ந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. மின்னழுத்தத்தைப் பாதுகாப்பின் அளவுகோலாகக் கொண்ட விதி போதாது என்றும், சுற்றில் தேங்கும் ஆற்றலே உரிய அளவுகோல் என்றும் அறியப்பட்டது இவ்வரலாற்றின் திருப்புமுனை. அம்மாற்றம் பாதுகாப்பின் பொறுப்பைத் தொழிலாளியின் கவனத்திலிருந்து கருவியின் வடிவமைப்புக்கு நகர்த்தியது என்பது இக்கட்டுரையின் வாதம்.

திறவுச்சொற்கள்: செங்கெனித், மின்மணிச் சுற்று, பிரிவுப்பொறி, உள்ளார்ந்த பாதுகாப்பு, புவியிணைப்பு, மின்தனிமைப்படுத்தல்.

முன்னுரை

மின்பாதுகாப்பின் வரலாறு பெரும்பாலும் உயர் மின்னழுத்தத்தின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. மின்நிலையம், பரிமாற்றக் கம்பி, பெருமின்னோடி ஆகியவையே அதில் முதன்மை பெறுகின்றன. ஒரு வால்வைத் திறக்கச் சொல்லும் கம்பியும் வெப்பநிலையைத் தெரிவிக்கும் கம்பியும் சில வோல்ட் அளவிலேயே இயங்குவதால் ஆய்வாளர் கவனத்திற்கு எட்டாமல் போயின. ஆயினும் எரிவளி சூழ்ந்த இடத்தில் இத்தகைய மெல்லிய கம்பியும் பேரழிவுக்குக் காரணமாகக்கூடும். இதனைத் தொழிலுலகம் உணர்ந்தது சுரங்கத்தில்தான். நீராவி அல்லது மின்னோடியால் இழுக்கப்படும் நிலக்கரித் தொட்டிகளை நிறுத்தவும் செலுத்தவும் சுரங்கப் பாதையிலிருந்து பொறியறைக்கு அனுப்பப்பட்ட மணியோசையைத் தொழிற்கட்டுப்பாட்டுச் சைகைகளுள் மிகப் பழையவற்றில் ஒன்று எனக் கொள்ளலாம். அந்த மணிக்கம்பியிலிருந்து இன்றைய மின்தனிமைப்படுத்தி வரையிலான வளர்ச்சியை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் அணுகுகிறது.

செங்கெனித், 1913

கேர்ஃபிலிக்கு அருகில் உள்ள செங்கெனித்தில் யுனிவர்சல் சுரங்கம் அமைந்திருந்தது. லங்காஸ்டர், யார்க் எனப் பெயரிய இரு குழித்தண்டுகள் அதற்கு இருந்தன. மீத்தேன் மிகுதியாகக் கசியும் சுரங்கம் என்று அது முன்பே அறியப்பட்டிருந்தது. 1901 மே 24 அன்று நேர்ந்த வெடிப்பில் அங்கு 81 பேர் இறந்தனர். 1913 அக்டோபர் 14 காலை எட்டு மணியளவில் இரண்டாவது வெடிப்பு நிகழ்ந்தது. அப்போது ஏறத்தாழ 950 பேர் நிலத்தடியில் இருந்தனர். சுரங்கத் தொழிலாளர் 439 பேரும் மீட்புப் பணியாளர் ஒருவரும் உயிரிழந்தனர். பிரித்தானியச் சுரங்க வரலாற்றில் இதனினும் பெரிய உயிரிழப்பு நேர்ந்ததில்லை.

தலைமைச் சுரங்க ஆய்வாளர் ரிச்சர்டு ரெட்மெய்ன் தலைமையில் விசாரணை நடைபெற்றது. சுரங்க உரிமையாளர் தரப்பில் இவான் வில்லியம்சும் தொழிலாளர் தரப்பில் ராபர்ட் ஸ்மைலியும் அதில் அமர்ந்தனர். வெடிப்பின் தொடக்கக் காரணம் அறுதியாக நிறுவப்படவில்லை. மேற்பாறை சரிந்ததால் வளி வெளிப்பட்டிருக்கலாம் என்றும், பாறை மோதலின் பொறியோ மின்சைகைக் கருவியின் பொறியோ அதனைப் பற்றவைத்திருக்கலாம் என்றும் கருதப்பட்டது. தீ பரவியதற்கும் உயிரிழப்பு மிகுந்ததற்கும் வேறு காரணங்களும் உண்டு. நிலக்கரித்தூள் வெடிப்பைச் சுரங்கப் பாதைகளின் வழியே கடத்தியது. காற்றோட்டத்தின் திசையை மாற்றும் வசதியை 1911ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயமாக்கியிருந்தது. அதற்கு அளிக்கப்பட்ட காலநீட்டிப்பு முடிந்த பின்னரும் அவ்வசதி அங்கு நிறைவு செய்யப்படவில்லை. எனவே பேரழிவு முழுவதையும் மணிக்கம்பி ஒன்றின்மேல் ஏற்றிக் கூறுவது வரலாற்று நேர்மையாகாது. எனினும் மணிக்கம்பி மீதான ஐயம் ஆய்வகம் வரை சென்றது என்பதே நம் ஆய்வுக்கு இன்றியமையாத செய்தி.

சட்ட நடவடிக்கையின் விளைவாக மேலாளருக்கு 24 பவுண்டும் நிறுவனத்திற்கு 10 பவுண்டும் தண்டம் விதிக்கப்பட்டன. மேலாளர் மீதான தொகையை இறந்தோர் 440 பேருக்கும் பகிர்ந்தால் ஓர் உயிருக்கு ஒரு ஷில்லிங்குக்குச் சற்று மேல் வரும். பாதுகாப்பைத் தனிமனிதரின் கடமையாக மட்டும் வைத்த சட்டம் எத்துணை வலுவற்றது என்பதை இக்கணக்கு காட்டுகிறது.

மணிச்சுற்றின் அமைப்பும் விதியின் அளவுகோலும்

அக்காலச் சைகை முறை மிக எளியது. இழுவைப் பாதையின் ஓரமாக உறையற்ற இரும்புக் கம்பிகள் இரண்டு இணையாகக் கட்டப்பட்டிருக்கும். ஒரு முனையில் லெக்லாஞ்சி மின்கலங்களின் அடுக்கும் பொறியறையில் மின்மணியும் இருக்கும். பாதையின் எந்த இடத்திலிருந்தும் தொழிலாளி இரு கம்பிகளையும் கையால் சேர்த்து அழுத்தினாலோ, கத்தி போன்ற உலோகப் பொருளை அவற்றின் குறுக்கே வைத்தாலோ மணி ஒலிக்கும். தனி விசை எதுவும் தேவையில்லை. கம்பி முழுவதுமே விசையாக அமைவது இம்முறையின் வசதி. கம்பியில் எந்த இடத்திலும் பொறி எழக்கூடும் என்பது அதே வசதியின் மறுபக்கம்.

சைகைச் சுற்றுகளின் மின்னழுத்தம் 25 வோல்ட்டுக்கு மேற்படலாகாது என்பது அக்கால விதி. இந்த வரம்பு மனித உடலுக்கு நேரும் மின்னதிர்ச்சி பற்றிய அறிவிலிருந்து பிறந்தது எனக் கருத இடமுண்டு. அத்தகைய குறை அழுத்தக் கம்பியைத் தொடுபவருக்குப் பொதுவாக ஊறு நேராது. தொடுபவருக்கு ஊறு செய்யாத கம்பி அவர் நிற்கும் சூழலுக்கும் ஊறு செய்யாது என்று எண்ணப்பட்டது. அவ்வெண்ணத்திற்கு எதிரான சான்று செங்கெனித்திற்கு முன்பே கிடைத்திருந்தது. 1912இல் அதே வட்டாரத்தைச் சேர்ந்த பெட்வாஸ் சுரங்கத்தில் நிகழ்ந்த வெடிப்புக்கு மின்மணியின் பொறியே காரணமாகக் கருதப்பட்டது.

மின்மணியின் உட்கூற்றை நோக்கினால் விதியின் குறை விளங்கும். மணியின் உள்ளே தேனிரும்புத் தண்டின்மேல் பல சுற்றுகளாகக் கம்பி சுற்றப்பட்ட மின்காந்தம் உள்ளது. மின்னோட்டம் பாயும்போது அதன் காந்தப்புலத்தில் ஆற்றல் தேங்குகிறது. கம்பிகள் பிரிக்கப்படும் கணத்தில் அவ்வாற்றல் வெளியேற வழி தேடுகிறது. பிரியும் இரு உலோகப் பரப்புகளுக்கு இடையே மின்னழுத்தம் திடீரென உயர்ந்து பொறி எழுகிறது. கம்பிகளைச் சேர்க்கும்போது தோன்றும் பொறியைவிடப் பிரிக்கும்போது தோன்றும் இப்பொறி வலியது. இதனை இக்கட்டுரை ‘பிரிவுப்பொறி’ எனக் குறிக்கிறது.

தேங்கும் ஆற்றலின் அளவு, தூண்டத்திறனையும் மின்னோட்டத்தின் இருமடியையும் பெருக்கி வரும் தொகையில் பாதி. விளக்கத்திற்காக 0.5 ஹென்றி தூண்டத்திறன் கொண்ட சுருளில் 0.2 ஆம்பியர் பாய்வதாகக் கொள்வோம். தேங்கும் ஆற்றல் 10 மில்லி ஜூல். மீத்தேன்–காற்றுக் கலவை பற்றிக்கொள்ளத் தேவையான மிகக் குறைந்த ஆற்றல் ஏறத்தாழ 0.28 மில்லி ஜூல் மட்டுமே. தேங்கிய ஆற்றல் முழுவதும் பொறியாக மாறுவதில்லை என்று கொண்டாலும் இடைவெளி ஏறத்தாழ 35 மடங்கு. மின்கல அடுக்கின் அழுத்தம் எவ்வளவு என்ற வினாவால் மட்டும் இந்த ஆபத்தை அளக்க இயலாது என்பது இதனால் புலப்படும்.

வீலர், தார்ன்டன் ஆய்வுகள்

பிரித்தானிய உள்துறையின் எஸ்க்மீல்ஸ் ஆய்வு நிலையத்தைச் சார்ந்து பணியாற்றிய ஆர். வி. வீலர், உறையற்ற கம்பிகள் வழியான மின்சைகை முறையைச் சோதித்தார். அவரது அறிக்கை 1915இல் வெளிவந்தது. நியூகாசிலில் ஆர்ம்ஸ்ட்ராங் கல்லூரிப் பேராசிரியர் வில்லியம் தார்ன்டன் வளிக்கலவைகள் மின்பொறியால் பற்றிக்கொள்ளும் முறையைத் தனியே ஆராய்ந்துவந்தார். இருவரும் இணைந்து அளித்த அறிக்கை 1925இல் வெளியானது.

இவ்வாய்வுகளின் சாரம் இரு கூறுகளைக் கொண்டது. முதலாவது, பொறியின் தீமூட்டும் வன்மை மின்கல அடுக்கின் அழுத்தத்தை மட்டும் சார்ந்ததன்று. சுற்றின் தூண்டத்திறனையும் மின்னோட்டத்தையும் பெரிதும் சார்ந்தது. இரண்டாவது, அவ்வன்மையைக் கருவியை வடிவமைக்கும்போதே குறைக்க முடியும். மணியின் சுருளுக்கு இணையாகத் தூண்டத்திறனற்ற மின்தடையைப் பொருத்தினால் தேங்கிய ஆற்றல் அதன் வழியே தணியும். தண்டின்மேல் செம்பு உறை அணிவித்தாலும் அதே பயன் விளையும். மின்னோட்டத்தைப் பாதியாகக் குறைத்தால் தேங்கும் ஆற்றல் நான்கில் ஒரு பங்காகும். ஆதலால் மின்னோட்டத்தின் உச்சத்தை மின்தடையால் கட்டுப்படுத்துவதும் பயனுள்ள வழியாயிற்று.

ஆய்வின் விளைவைத் தொழிலாளியின் நோக்கில் காண்பது தகும். முன்பு அவர் கம்பியைத் தொடும் ஒவ்வொரு முறையும் வளியின் அளவைப் பற்றிய கவனம் தேவைப்பட்டது. பிழை நேர்ந்தால் பொறுப்பு அவருடையதாகவோ மேலாளருடையதாகவோ ஆயிற்று. சீரமைக்கப்பட்ட மணிச்சுற்றிலும் பொறி எழும். ஆனால் அது வளியைப் பற்றவைக்கும் ஆற்றலற்றது. சுற்றின் இயல்பிலேயே பாதுகாப்பு அமைந்துவிடுகிறது. ‘உள்ளார்ந்த பாதுகாப்பு’ என்னும் பெயரின் பொருள் இதுவே. 1945இல் வெளியான பி.எஸ். 1259 என்னும் பிரித்தானியத் தரநிலை இக்கருத்தாக்கத்திற்கு முறையான வடிவம் தந்தது.

உறையிடலும் ஆற்றல் வரம்பிடலும்

இதே காலத்தில் வேறொரு தீர்வும் வளர்ந்தது. ஜெர்மனியின் கெல்சன்கிர்ஷன் நகரில் கார்ல் பெய்லிங் 20ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் மின்கருவிகளுக்கான தடித்த உலோக உறைகளைச் சோதித்தார். உறைக்குள் வளி புகுவதைத் தடுக்க அவர் முயலவில்லை. உள்ளே வெடிப்பு நிகழ்ந்தாலும் உறை அதைத் தாங்கவேண்டும். மூட்டுகளின் குறுகிய இடைவெளி வழியே வெளியேறும் சுடர் குளிர்ந்து அணையவேண்டும். இதுவே சுடர்தாங்கு உறையின் தத்துவம்.

மின்னோடிக்கும் மின்விசைப் பெட்டிக்கும் இம்முறை பொருந்தியது. நீண்ட சைகைக் கம்பியை உறைக்குள் வைப்பது அரிது. மேலும் சுடர்தாங்கு உறையைத் திறக்குமுன் மின்னிணைப்பைத் துண்டித்தாக வேண்டும். துண்டிக்காமல் திறந்தவருக்கு உறை எந்தப் பாதுகாப்பும் தாராது. உள்ளார்ந்த பாதுகாப்புடைய சுற்றையோ மின்னோட்டம் பாயும்போதே திறந்து அளக்கலாம், பழுது பார்க்கலாம். முதல் முறை பணியாளரின் ஒழுங்கை எதிர்பார்க்கிறது; இரண்டாவது முறை அவரது மறதியையும் தாங்கிக்கொள்கிறது. கட்டுப்பாட்டுக் கருவித் துறையில் இரண்டாம் முறை வலுப்பெற்றதற்கு இவ்வேறுபாடு முதன்மையான காரணம் எனலாம்.

தடுப்பியும் புவியிணைப்பும்

இரண்டாம் உலகப்போருக்குப் பின் சுரங்கத்தின் சிக்கல் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைக்கும் வேதித் தொழிற்சாலைக்கும் இடம் பெயர்ந்தது. காற்றழுத்தக் குழாய்களால் இயங்கிய அளவிகளின் இடத்தை மின்னணுக் கருவிகள் பற்றின. 4 முதல் 20 மில்லி ஆம்பியர் வரையிலான மின்னோட்டம் அளவீட்டைக் கடத்தும் பொது முறையாயிற்று. மணிச்சுற்றில் மின்கல அடுக்கு தனித்து நின்றது. புதிய ஆலையில் கட்டுப்பாட்டறையின் கருவிகள் பொது மின்வழங்கலோடு இணைந்திருந்தன. அங்கு ஒரு பழுது நேர்ந்தால் 250 வோல்ட் வரை களத்திலுள்ள கம்பிக்குப் பாயக்கூடும். எரிவளிப் பகுதியிலுள்ள கருவி எவ்வளவு நேர்த்தியாக வடிவமைக்கப்பட்டிருந்தாலும் பயனில்லை.

இதற்கு விடையாக வந்தது செனார் தடுப்பி. உருகி, செனார் டையோடு, மின்தடை ஆகிய மூன்றும் அடங்கிய இச்சிறு பெட்டி கட்டுப்பாட்டறைக்கும் களத்திற்கும் இடையில் வைக்கப்படுகிறது. மிகை அழுத்தம் வந்தால் டையோடு அதனைப் புவிக்குத் திருப்புகிறது. உருகி அறுந்து சுற்றைத் துண்டிக்கிறது. மின்தடை களத்திற்குச் செல்லும் மின்னோட்டத்தை வரம்பிடுகிறது. பரவலாகப் பயன்படும் தடுப்பி 28 வோல்ட், 300 ஓம் அளவுடையது. அதன் வழியே செல்லக்கூடிய மின்னோட்டம் 93 மில்லி ஆம்பியரைத் தாண்டாது.

இங்குப் புவியிணைப்பின் பொருள் மாறியதைக் கவனிக்கவேண்டும். 1838இல் ஸ்டைன்ஹைல் தந்திமுறைக்குப் புவியைப் பயன்படுத்தியபோது அது மின்னோட்டம் திரும்பும் வழி மட்டுமே. பின்னர் மின்கருவிகளின் உலோக உறைகளைப் புவியோடு இணைத்தபோது அது தொடுபவரைக் காத்தது. செனார் தடுப்பியில் அது பழுதின் ஆற்றலை எரிவளிப் பகுதிக்குச் செல்லவிடாமல் ஏற்றுக்கொள்ளும் வடிகாலாகிறது. புவியிணைப்பு அறுந்தால் தடுப்பியின் முதன்மைப் பணியே நின்றுபோகும். எனவேதான் தடுப்பியிலிருந்து முதன்மைப் புவிமுனை வரையிலான தடை 1 ஓமுக்கு மேற்படலாகாது என்றும், 4 சதுர மில்லிமீட்டர் குறுக்குப்பரப்புள்ள செம்புக் கம்பி ஒன்றோ 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பிகள் இரண்டோ வேண்டும் என்றும் நெறிமுறைகள் வகுக்கப்பட்டன.

ஒரு சுற்றைப் பல இடங்களில் புவியோடு இணைப்பது பாதுகாப்பைப் பெருக்கும் என்று தோன்றலாம். ஆலையின் இரு முனைகளில் புவியின் மின்னழுத்தம் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. பெரும் மின்னோடி ஒன்றில் பழுது ஏற்பட்டு 100 ஆம்பியர் புவிக்கம்பியில் பாய்ந்தால் 1 ஓம் தடையின் இரு முனைகளுக்கிடையே 100 வோல்ட் தோன்றும். சுற்று இரு முனைகளிலும் புவியோடு இணைந்திருந்தால் அந்த வேறுபாடு சைகைக் கம்பியிலேயே மின்னோட்டத்தைச் செலுத்தும். ஆதலால் தடுப்பியுள்ள சுற்று ஓரிடத்தில் மட்டுமே புவியோடு இணையவேண்டும். களக்கருவியும் கம்பியும் புவியிலிருந்து 500 வோல்ட் சோதனையைத் தாங்கும் அளவுக்கு மின்காப்புப் பெற்றிருக்கவேண்டும் என்பது விதியாயிற்று.

தனிமைப்படுத்தலும் சோதனை முறையும்

செனார் தடுப்பி மலிவானது, எளியது. ஆயினும் அதன் நம்பகத்தன்மை புவிக்கம்பியின் பராமரிப்பைச் சார்ந்தது. அரிப்பு, தளர்ந்த திருகு, மாற்றுப்பணியின்போது கழற்றி மீண்டும் பூட்டாத முனை ஆகியவை அதனைப் பயனற்றதாக்கும். பழுது நேரும்வரை அக்குறை எவர் கண்ணுக்கும் புலப்படாது. பொறுப்பு மீண்டும் மனிதக் கவனத்தின்மேல் விழுகிறது.

மின்தனிமைப்படுத்தி இச்சார்பை நீக்கியது. மின்மாற்றி, ஒளிவழி இணைப்பி, மின்னஞ்சல் விசை ஆகியவற்றுள் ஒன்றின் வழியே செய்தியும் தேவையான திறனும் மட்டும் கடக்கின்றன. இரு பக்கங்களுக்கிடையே கம்பித் தொடர்பு இல்லை. பழுதை வடித்துவிடும் உயர்தரப் புவியிணைப்பு இங்குத் தேவைப்படாது. பதிலாக, மின்மாற்றியின் இரு சுருள்களுக்கிடையேயான திண்மக் காப்பின் தடிப்பும், அச்சுப்பலகையில் இரு பக்கக் கடத்திகளுக்கிடையேயான இடைவெளியும் கண்டிப்பாக வரையறுக்கப்பட்டன. அவை ஆலையில் அன்றித் தயாரிப்பிடத்திலேயே உறுதிசெய்யப்படுவன.

ஐ.இ.சி. 60079-11 என்னும் பன்னாட்டுத் தரநிலை இச்சிந்தனையைப் பழுதுகளின் எண்ணிக்கையால் வரையறுக்கிறது. ‘ஐஏ’ நிலைச் சுற்று இரு பழுதுகள் நேர்ந்தாலும் தீமூட்டலாகாது. ‘ஐபி’ நிலைச் சுற்று ஒரு பழுதைத் தாங்கவேண்டும். சோதனைக்கு ஜெர்மனியில் உருவான பொறிச்சோதனைக் கருவி பயன்படுகிறது. வளிக்கலவை நிரம்பிய அறைக்குள் சுழலும் காட்மியத் தகட்டின்மேல் டங்ஸ்டன் கம்பிகள் உராய்ந்து சுற்றைத் திரும்பத் திரும்பச் சேர்க்கின்றன, பிரிக்கின்றன. செங்கெனித்தின் சுரங்கப் பாதையில் தொழிலாளியின் கை செய்த செயலையே இக்கருவி ஆய்வகத்தில் மிகக் கடுமையான நிலையில் செய்து பார்க்கிறது.

இந்தியச் சூழலும் கலைச்சொற்களும்

இந்தியாவில் இத்துறையின் நிறுவன வடிவமும் சுரங்கத்தைச் சார்ந்தே அமைந்தது. 1956இல் தன்பாத்தில் தொடங்கப்பட்ட மத்தியச் சுரங்க ஆய்வு நிலையம் சுடர்தாங்கு உறைகளையும் உள்ளார்ந்த பாதுகாப்புடைய கருவிகளையும் சோதிக்கும் பணியை மேற்கொண்டது. இந்தியத் தரநிலைகளுள் ஐ.எஸ். 2148 முன்னதற்கும் ஐ.எஸ். 5780 பின்னதற்கும் வகுக்கப்பட்டன. பின்னர் இவை பன்னாட்டு வரிசையோடு இணைக்கப்பட்டன. மணலியில் 1969இல் இயங்கத் தொடங்கிய சுத்திகரிப்பு ஆலை போன்றவை தமிழகத்திலும் இவ்வறிவின் தேவையை ஏற்படுத்தின.

தமிழில் இத்துறையை எழுதுவோர் இரு சொற்களைப் பிரித்தாள வேண்டும். மின்கடத்தாப் பொருளால் மூடுவது மின்காப்பு; இரு சுற்றுகளுக்கிடையே கடத்தும் தொடர்பே இல்லாமல் செய்வது மின்தனிமைப்படுத்தல். பழுதுபார்ப்பதற்காக விசையைத் துண்டித்துப் பூட்டுவதும் பணிமனை வழக்கில் தனிமைப்படுத்தல் என்றே கூறப்படுவதால், அதனை ‘மின்துண்டிப்பு’ எனத் தனியே குறிப்பது குழப்பத்தைத் தவிர்க்கும். துண்டிப்பு பணியாளர் செய்யும் செயல். தனிமைப்படுத்தல் கருவியில் நிலைத்த பண்பு. மேலே கண்ட வரலாறு முழுவதும் இவ்வேறுபாட்டில் அடங்கியுள்ளது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வின்வழிப் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

செங்கெனித் காலத்துச் சைகைவிதி மின்னழுத்தத்தை அளந்தது. அது தொடுபவரைக் காத்ததேயன்றிச் சூழ்ந்திருந்த வளியைக் கருத்தில் கொள்ளவில்லை. வீலர், தார்ன்டன் ஆய்வுகள் தேங்கும் ஆற்றலை அளவுகோலாக்கின.

புவியிணைப்பு திரும்பும் வழியாகத் தொடங்கி, உடலைக் காக்கும் முறையாகி, பழுதின் வடிகாலாக வளர்ந்தது. அதன் நம்பகத்தன்மை பராமரிப்பைச் சார்ந்திருந்ததே மின்தனிமைப்படுத்தியின் வரவுக்கு வழிவகுத்தது.

ஒவ்வொரு கட்டத்திலும் பாதுகாப்பின் சுமை பணியாளரிடமிருந்து வடிவமைப்பாளருக்கு மாறியது. மனிதர் மறப்பர், களைப்படைவர் என்பதை ஏற்றுக்கொண்ட பின்னரே கருவி பாதுகாப்பானதாயிற்று. இன்று பணிமனைகளில் விபத்து நேர்ந்தவுடன் ‘பணியாளரின் கவனக்குறைவு’ என எழுதிக் கோப்பை மூடும் வழக்கத்தை இவ்வரலாற்றின் வெளிச்சத்தில் மறுபரிசீலனை செய்யவேண்டும். 1913இல் கம்பியைச் சேர்த்து மணியடித்த தொழிலாளி தமக்கு இடப்பட்ட பணியையே செய்தார். அவர் கையில் கொடுக்கப்பட்டிருந்த சுற்றே பிழையானது.